ஐம்பத்திரண்டு பல்

மார்ச் 3, செவ்வாய்

இன்றிலிருந்து லெவல் நான்கு. போன வாரம் ஐந்து. காலையில் தன் கடைக்குக் கிளம்பும்போதே என் சைக்கிள் கைப்பிடியில் இருக்கும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டி, "இந்த வாரம் முழுக்க நாலுதான். கையை வெச்சு நோண்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் என் மனைவி. நான் ஏன் நோண்டப் போகிறேன்? இருபத்தேழு வருஷம் டவர் கிரேன் ஓட்டியவன். தேவையில்லாமல் ஒரு பொத்தானைத் தொட்டதாகச் சரித்திரமே இல்லை.

மோட்டார் வைத்த மடக்கு சைக்கிள். சக்கரம் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. நான் ஆறடி. ஏறி உட்கார்ந்தால் யானை முக்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் தினமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வணக்கம் சொல்கிறார். சிரிக்கட்டும். ஏணியில் கால் சறுக்கி நாலு மீட்டர் கீழே விழுந்து, வலது முழங்காலைக் கிழித்துத் தைத்து நாலு மாதம் ஆகிறது. "பெடல் மிதிங்க. முதல்ல மோட்டார் நிறையத் தள்ளட்டும், வாரா வாரம் குறைச்சுக்கிட்டே வாங்க" என்றார் டாக்டர். சைக்கிள் வித்து, ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவள் வீட்டிலேயே இருக்கும்போது எனக்கென்ன கவலை?

ஏப்ரல் 9 கம்பெனியில் உடல் தகுதிச் சோதனை. ஓடாத சைக்கிள் மாதிரி ஒரு மெஷின். நூறு வாட் பாரம், பன்னிரண்டு நிமிஷம் நிற்காமல் மிதிக்க வேண்டும். தேறினால் என் கேபின் எனக்கு. தேறாவிட்டால் கீழே கேட்டில் உட்கார்ந்து வருகிற லாரி நம்பரை எழுத வேண்டியதுதான்.

மார்ச் 5, வியாழன்

அவளுக்கு இருப்பது கை இல்லை, வரம். முன்னால் இருந்த பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டிருக்கிறாள். ஐம்பத்திரண்டு பல். முன்பு நாற்பத்தாறு. காரணம் கேட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிற அதே பொறுமையோடு சொன்னாள்:

"சக்கரம் சின்னது. ஒரு சுத்துக்குக் கொஞ்ச தூரம்தான் போகும். மோட்டார் வேற தள்ளுது. அப்போ உங்க கால் என்ன பண்ணும்? வெறும் காத்துல சுத்தும். முன்னால பெருசாப் போட்டா பெடல் மெதுவாச் சுத்தும், காலுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும்."

உண்மைதான். நேற்றுவரை மாவாட்டுகிற மாதிரி கால் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. இன்று பாதத்துக்கு அடியில் ஏதோ இருக்கிறது. மிதிக்கிறேன் என்ற நினைப்பு வருகிறது. சீட்டின் உயரத்தையும் சரிசெய்தாள். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே கொண்டுபோனால் கால் நீட்டி நேராக நிற்க வேண்டுமாம். மடக்கும்போது சீட்டுக் கம்பி உள்ளே இறங்கிவிடுவதால் அதில் வெள்ளை மையால் கோடும் போட்டுக் கொடுத்தாள். வலி பாதியாகக் குறைந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

லெவல் மூன்று. மேட்டுத் தெருவில் பதினொரு விளக்குக் கம்பம். நிற்காமல் ஏறினேன்.

மார்ச் 15, ஞாயிறு

மகள் வந்திருந்தாள், இரண்டு நாள் லீவில். என் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "அப்பா, இது மூணாம் லெவலா? பறக்குதே!" என்றாள். அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "உனக்கு வயசு இருபத்தி நாலு. உனக்குப் பறக்காம வேற யாருக்குப் பறக்கும்?" என்றாள். அப்புறம் ரெண்டு பேரும் வெகுநேரம் பாத்திரம் கழுவினார்கள். மூன்று தட்டுக்கு அவ்வளவு நேரமா?

மார்ச் 17, செவ்வாய்

லெவல் இரண்டு. சொன்னால் நம்ப மாட்டார்கள் - ஐந்துக்கும் இரண்டுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மோட்டார் குறையக் குறைய அதே அளவுக்குக் கால் தேறி வருகிறது என்றுதானே அர்த்தம்? அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள். கொஞ்சம் சந்தோஷப்பட்டால் குறைந்தா போய்விடுவாள்?

பாட்டரிதான் சீக்கிரம் காலியாகிறது. குறைந்த லெவலில் எண்பது கிலோமீட்டர் ஓடும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. இருபத்தைந்துக்கே படுத்துவிடுகிறது. "அட்டைல எழுதினவன் உங்க எடைக்கா எழுதினான்?" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

லெவல் ஒன்று! மேடு முழுவதும்! உச்சியில் நின்று மீசைக்குப் போன் போட்டேன். மீசை என்னிடம் வேலை கற்றவன். இப்போது என் கிரேனை அவன்தான் ஓட்டுகிறான். "வாங்கண்ணே, சீட்டைத் துடைச்சு வெச்சிருக்கேன். உங்க குஷனைக்கூட நான் மாத்தல" என்றான். நல்ல பையன். மீசைதான் சகிக்காது.

இனி லெவல் பூஜ்யம்தானே என்று இவளைக் கேட்டேன். "பதினெட்டுக் கிலோ வண்டியை மோட்டார் இல்லாம மேட்டுல மிதிச்சா தையல் விட்டுரும். ஒண்ணோட நிறுத்துங்க" என்றாள். அவள் சொன்னால் சரிதான்.

ஏப்ரல் 9, வியாழன்

நாலு நிமிஷம் பத்து விநாடி.

ஏப்ரல் 10, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

மூன்றாவது நிமிஷமே தொடை எரிய ஆரம்பித்துவிட்டது. நாலாவது நிமிஷத்தில் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. மிதி மிதி என்று மனசு கத்துகிறது, கால் தேமே என்று நிற்கிறது. கம்பெனி டாக்டர் மெஷினை அணைத்துவிட்டு ஒரு நாடாவை எடுத்து என் தொடைகளை அளந்தார். வலது தொடை இடதைவிட மூன்று சென்டிமீட்டர் சிறுத்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்த மாதம் எவ்வளவோ அதே அளவு.

"வீட்ல பயிற்சி ஏதாவது செஞ்சீங்களா?"

செய்தேன் சார், தினமும் மேடு, லெவல் ஒன்று என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதாமல் நோட்டு தொலைந்துவிட்டது என்று சொன்னால் வாத்தியார் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இது தேவையா?

ஒரே ஒரு மறுவாய்ப்பு, மே 21. அதிலும் போனால் கேட்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "போகட்டும் விடுங்க. கீழ வேலைன்னா கேவலமா?" என்றாள். அந்த மெஷின்தான் கோளாறு என்று சாதித்தேன். அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 11, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

மதியம் அவள் ஏதோ சாமான் வாங்கக் கிளம்பினாள், ஒரு மணி நேரம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வாசலில் புது சைக்கிள் நின்றது. என்னுடையதேதான், அதே கம்பெனி, அதே மாடல், கவர்கூடப் பிரிக்காத சீட். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று கடையைச் சாத்திவிட்டு அதை மேட்டுத் தெருவுக்கு எடுத்துப் போனேன். லெவல் ஒன்று. முன்னால் நாற்பத்தாறு பல்தான், என் வண்டியைவிட லேசாகவே மிதிபட வேண்டும்.

நாலாவது கம்பத்தில் இறங்கிவிட்டேன். இறங்கினேன் என்ன, இறக்கிவிட்டது. தொடை அதே மாதிரி எரிந்தது, மெஷினில் எரிந்த மாதிரி.

முதலில் புது வண்டியில்தான் கோளாறு என்று நினைத்தேன். என் புத்தி அப்படி. திரும்பி வந்து என் வண்டியை எடுத்தேன். அதே மேடு. முதல் கம்பத்தில் ஒன்று. பொத்தானை அழுத்தி இரண்டு வைத்தேன். மூன்று. நான்கு. ஐந்து. திரும்ப ஒன்று. எண் மட்டும்தான் மாறுகிறது. வண்டி ஒரே சீராக, ஒரு முனகல்கூட இல்லாமல் என்னைத் தூக்கிக்கொண்டு போகிறது.

ஐந்தும் ஒன்றுதான். ஐந்தும் ஒன்றேதான்! ஆறு வாரமா நான் பொம்மைக் குதிரை ஓட்டியிருக்கேன். குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பாங்களே, அந்த மாதிரி.

அவள் வந்தாள். ஸ்டாண்டில் ஒரு சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். சத்தியமாக, மறுக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவள் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"ஆமா. நான்தான் செட்டிங்ல அஞ்சு லெவலையும் ஒரே அளவா, ஃபுல்லா வெச்சேன்."

"அப்போ அந்தப் பெரிய பல்சக்கரம்?"

"காலுக்குக் கொஞ்சமாவது பிடிமானம் தெரியணும்ல. இல்லாட்டி நீங்க ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிருப்பீங்க."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அதைத்தானே கொண்டாடினேன்? கை இல்லை வரம் என்று இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், முட்டாள்.

ஏன் என்று கேட்டேன். "நீங்க விழுந்த அன்னிக்கு சைட்லேர்ந்து போன் பண்ணினவன், 'மேலேர்ந்து விழுந்துட்டார்'னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேர நாப்பது நிமிஷம். அந்த நாப்பது நிமிஷம் நான் விதவையா இருந்தேங்க. மறுபடி என்னால ஆக முடியாது."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"பத்துத் தடவை சொன்னேன். ஒரு தடவையாவது டிவியிலேர்ந்து தலையைத் திருப்பினீங்களா?"

சொன்னாளா? சொல்லியிருப்பாள். சொன்னாள்தான். அதுக்காக? அதுக்காக என் மீட்டர்ல கை வைப்பாளா?

ஏப்ரல் 12, ஞாயிறு

அவளுக்குத் தெரியாதது இல்லை. அதனால்தான் ஆறவே மாட்டேன் என்கிறது.

கேபினில் என் முன்னால் பாரம் காட்டும் மீட்டர் ஒன்று இருக்கும். கொக்கியில் தொங்குவது எத்தனை டன் என்று அது சொன்னால்தான் எனக்குத் தெரியும். கீழே நிற்பவன் உயிர் அந்த எண்ணில் இருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது. சரிபார்க்க வருகிறவனும் தேதி போட்டுக் கையெழுத்து வைத்து, ஈயத்தால் முத்திரை வைத்துவிட்டுத்தான் இறங்குவான். எங்களோடு வேலை பார்த்த ஒருத்தன், சீக்கிரம் வேலை முடியட்டும் என்று அந்த முத்திரையை உடைத்துக் குறைத்துக் காட்டும்படி செய்துவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றைக்கு மதியம் அவனோடு ஒருத்தரும் சாப்பிட உட்காரவில்லை. அவன் தனியாகக் குழாயடியில் நின்று சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு போனான்.

இந்தக் கதையை அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "அவனையெல்லாம் உள்ள தூக்கிப் போடணும்" என்று சொன்னவள் இவள்தான்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரார் கதையைக் கேட்டு உச்சுக் கொட்டியிருக்கிறேன். இன்றைக்கு என் வயல்.

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "தெரியும்பா. அம்மா சொல்லாதேன்னாங்க. அழுதாங்கப்பா" என்றாள். சரிம்மா, வெச்சுடறேன் என்றேன். மூன்று தட்டை அவ்வளவு நேரம் கழுவியது எதற்கு என்று இப்போது புரிகிறது.

ஏப்ரல் 13, திங்கள்

பாட்டரியைக் கழற்றி அவள் கடை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். மூன்று கிலோ.

ஏப்ரல் 14, செவ்வாய்

மோட்டார் இல்லாமல் இந்த ஐம்பத்திரண்டு பல்லை மேட்டில் மிதிக்க மாடுதான் வேண்டும். முதல் கியரிலும் இரண்டாவது கம்பத்தைத் தாண்ட முடியவில்லை. முழங்காலுக்குள் கத்தி வைத்துத் திருகுகிற மாதிரி வலி. பல்சக்கரத்தைச் சிறிதாக்கினால் பெடல் லேசாகும், கால் வேகமாகச் சுற்றலாம், மூட்டுக்குப் பாரம் குறையும். இந்த அறிவும் அவள் கொடுத்ததுதான்.

அவளிடம் கேட்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

பஸ்ஸில் மடக்கி எடுத்துக்கொண்டு ஆறு ஸ்டாப் தள்ளி இன்னொரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க அந்த மடக்கு சைக்கிள் அக்கா வீட்டுக்காரர்தானே? எனக்கே சந்தேகம் வந்தா அவங்களுக்குத்தான் போன் பண்ணுவேன். என்னை சோதிக்க வந்தீங்களா சார்?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். என்ன செய்வது? வீட்டு மானத்தை ஆறு ஸ்டாப் தாண்டி வந்து அவிழ்ப்பதா?

இந்த வண்டிக்குப் பொருந்துகிற சின்ன பல்சக்கரம் அவரிடம் இல்லையாம். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 17, வெள்ளி

காலையில் பார்த்தால் வண்டியில் சின்ன பல்சக்கரம் மாட்டியிருந்தது. செயினையும் அதற்குத் தகுந்த மாதிரி வெட்டி, துடைத்து, எண்ணெய் விட்டிருந்தாள். அந்தக் கடைக்காரர் சொல்லியிருப்பார். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "நாப்பத்திரண்டு."

நான் தரையில் உட்கார்ந்தேன். சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நாற்பத்திரண்டு. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினேன். நிமிர்ந்தபோது அவள் வாசல்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எண்ணியது தப்பு என்று தோன்றவில்லை.

ஏப்ரல் 22, புதன்

நாலாவது கம்பம். என் சொந்தக் காலில்.

ஏப்ரல் 29, புதன்

ஆறு. சீட்டை அரை விரல் உயர்த்தினேன், முழங்காலின் முன்பக்க வலி போய்விட்டது. அவள் போட்ட வெள்ளைக் கோடு தப்பு இல்லை. இப்போது முன்னைவிடக் கால் நீள்கிறது, அவ்வளவுதான். அவள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறாள், ஒன்றைத் தவிர. முழுக்க ஏமாற்றியிருந்தால்கூட வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

மே 6, புதன்

எட்டாவது கம்பத்தில் வாந்தி. எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். "இந்த வயசுல எதுக்கு சார் இதெல்லாம்? அந்த மோட்டாரைப் போட்டுக்கிட்டா என்ன?" என்றார். மோட்டாரா? சார், நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க.

வீட்டில் பேச்சு ஓடுகிறது. அரிசி தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் வந்திருக்கிறது, மகள் அடுத்த மாதம் வருகிறாள். பேச வேண்டியதெல்லாம் பேசுகிறோம். சாப்பிட உட்காரும்போது அவள் முகத்தைப் பார்த்தால் குழாயடியில் தனியாக நின்றவன் ஞாபகம் வருகிறது. எழுந்து போகவும் முடியவில்லை, ஒட்டி உட்காரவும் முடியவில்லை.

மே 14, வியாழன்

பதினொன்று. உச்சி. நின்று மூச்சு வாங்கினேன். யாருக்கும் போன் போடவில்லை.

மே 20, புதன்

நாளைக்கு. "நாளைக்குத்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லபடியா பண்ணுங்க" என்றாள். மனசாரத்தான் சொன்னாளா? முன்பெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் வராது.

மே 21, வியாழன்

பன்னிரண்டு நிமிஷம். கடைசி இரண்டு நிமிஷம் என்னென்ன வசவு சொன்னேன் என்று டாக்டருக்குத்தான் தெரியும். நாடாவை வைத்து அளந்தார், வித்தியாசம் இப்போது ஒன்றரைதான். "இந்தத் தடவை நிஜமாவே பயிற்சி செஞ்சிருக்கீங்க" என்றார். நிஜமாவே! விளக்கம் சொல்லப் போகவில்லை. கையெழுத்துப் போட்டார், வாங்கிக்கொண்டு வந்தேன்.

தேறிவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அவள் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். என் வேலைச் சட்டையைத் தனியாக எடுத்து, பித்தான் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "எப்போலேர்ந்து?" என்றாள். திங்கள் என்றேன்.

மே 25, திங்கள்

முதல் நாள். மீசை கட்டிப்பிடித்து, கூச்சப்பட்டு, விட்டுவிட்டான். கீழே நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன்.

ஏணியில் முதல் இரண்டு தளம் ஒன்றும் இல்லை. மூன்றாவது தளத்துக்குப் போகும் வழியில், பாதி ஏணியில், வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இடது காலில் தொங்கினேன். கீழே பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் உள்ளே ஏதோ 'டக்' என்று விலகி வழிவிட்டது. தளத்தில் ஏறி உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தேன். கீழேயிருந்து மீசை வாக்கிடாக்கியில், "என்னண்ணே, சத்தத்தையே காணோம்?" என்றான். வேடிக்கை பார்க்கிறேன்டா என்றேன். அப்புறம் மீதி ஏணியையும் ஏறினேன். நாள் முழுவதும் ஒழுங்காக வேலை பார்த்தேன். இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் அவள் கதவைத் திறந்துகொண்டே என் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏணி எப்படி இருந்துச்சு?"

"எது, ஏணியா? சும்மா கிடுகிடுன்னு ஏறிட்டேன். இருபது வயசுப் பையனாட்டம்."

"நிஜமா?"

"நிஜமா."

ஏப்ரலுக்கு அப்புறம் இன்றுதான் அவள் சிரித்தாள். அப்படியே நம்பிவிட்டாள். காபி போட்டுக் கொடுத்தாள், பக்கத்திலேயே உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்குக் கால் சுத்தமா சரியாயிடுச்சு" என்று சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.